கணவர் விசா

பெப்ரவரி 2, ஞாயிறு

இன்று முடித்த நாவலில் கதாநாயகன் துபாயில் தொழிலதிபர். தொண்ணூறாவது மாடியில் கண்ணாடிச் சுவரோரம் நின்று, கடலைப் பார்த்தபடி பல்லைக் கடிக்கிறார். என்ன தொழில் என்று கடைசி வரை சொல்லவில்லை. கோபப்படுவதே தொழில் என்று நினைக்கிறேன். அதில் நல்ல லாபமும் வருகிறது. நானும் துபாயில்தான் இருக்கிறேன். கராமாவில், மூன்றாவது மாடியில். என் சமையலறை ஜன்னலிலிருந்து அடுத்த கட்டடத்தின் ஏசிப் பெட்டிகளும் அவற்றின் மேல் குடித்தனம் நடத்தும் புறாக்களும் தெரியும்.

கதை ஒப்பந்தக் கல்யாண வகை. ஒரு வருடத்துக்கு மட்டும் என்று கையெழுத்துப் போட்டுக் கட்டிக்கொள்கிறார்கள். ஒரே அறை, கட்டிலின் நடுவே தலையணை. இருபதாம் அத்தியாயத்துக்குள் தலையணை தரையில் கிடக்கும். இன்ஸ்டகிராமில் என் புத்தகப் பக்கத்தில் இப்படி எழுதிப் போட்டேன்: "தலையணைக்குத் தனி விருது கொடுக்க வேண்டும். முதலிலிருந்து கடைசி வரை மனம் மாறாத ஒரே பாத்திரம் அதுதான்." மாலைக்குள் நிறையச் சிரிப்பு முகங்கள் வந்திருந்தன.

வழக்கம்போல விஜி வந்து கேட்டிருந்தாள். மதுரைப் பக்கத்துப் பெண்; இதே கராமாவில் ஒரு பியூட்டி பார்லரில் வேலை. நேரில் பார்த்ததில்லை. "அக்கா, முடிவு சுபந்தானே? அழுற கதைன்னா வேணாம். காலைல டூட்டி இருக்கு."

சுபம் என்று பதில் போட்டேன்.

எங்களுடையதும் ஒப்பந்தம்தான். என் கணவர் சுஜந்தன் ஹோலில் சோபாவில் படுக்கிறார், நான் அறையில். நடுவே தலையணை இல்லை, கதவு. நான் இந்த நாட்டில் இருப்பது அவருடைய விசாவில். எனக்கென்று ஒரு வேலையும் அதனோடு சொந்த விசாவும் கிடைக்கும் வரை இப்படியே இருப்பது, கிடைத்ததும் பிரிவது. நவம்பரில் பேசி முடித்தோம். அதாவது அவர் பேசினார், முடிந்தது. "எனக்கு உம்மில ஒரு கோவமும் இல்லை, கஜந்தி. ஒண்டுமே இல்லை."

கோபமாக இருந்தால் எனக்கு வழி தெரியும். அதற்கு அலமாரி நிறையப் புத்தகம் இருக்கிறது.

பெப்ரவரி 6

அல் கூஸில் ஒரு கொம்பனிக்கு நேர்முகத்துக்குப் போனேன். இங்கே பெண்களுக்கான வேலை விளம்பரங்களில் அடிக்கடி ஒரு வரி இருக்கும்: கணவர் விசாவில் உள்ளவர்கள் விரும்பத்தக்கது. கொம்பனிக்கு விசாச் செலவு மிச்சம். அங்கிருந்த அம்மையார் எனக்குக் கணக்கு தெரியுமா என்று கேட்பதற்கு முன் "ஹஸ்பண்ட் விசாவா?" என்று கேட்டார். இப்போதைக்கு என்றேன். இப்போதைக்கு என்றால் என்ன அர்த்தம் என்றார். இந்த ஊரில் எல்லோரும் எல்லாமும் இப்போதைக்குத்தானே என்றேன். அவர் சிரிக்கவில்லை.

மனைவி பதவியிலிருந்து விலக எனக்கு ஒரு வேலை வேண்டும். வேலை கிடைக்க நான் மனைவியாக இருக்க வேண்டும். இதை ஒரு நாவலில் வைத்தால் செயற்கையாக இருக்கிறது என்று நானே விமர்சனம் எழுதுவேன்.

பெப்ரவரி 10

அல் கூஸிலிருந்து அழைப்பு வரவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்தது என்பதை இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.

பெப்ரவரி 16, ஞாயிறு

விஜியை நேரில் பார்த்தேன். லீவில் போனபோது ஊரிலிருந்து அச்சுப் புத்தகம் கொண்டுவந்திருந்தாள், மாற்றிக்கொள்ள. தோசைக் கடையில் உட்கார்ந்தோம். நான் இவ்வளவு உயரமாக இருப்பேன் என்று அவள் நினைக்கவில்லையாம். எழுத்தில் குள்ளமாகத் தெரிகிறேனாம். என் புருவங்களைக் கொஞ்ச நேரம் தொழில்முறையாகப் பார்த்துவிட்டு, பெரிய மனது பண்ணி ஒன்றும் சொல்லாமல் விட்டாள்.

பிறகு கேட்டாள்: "இந்த மாதிரி காண்ட்ராக்ட்ல கட்டிக்கிட்டு அப்புறம் லவ் வர்றதெல்லாம் நெசத்துல எங்கனயாச்சும் நடந்திருக்குமா அக்கா?"

"நடந்திருக்கும். அவைக்குப் புத்தகம் வாசிக்க நேரம் இருந்திராது."

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசை திரும்பிப் பார்த்தது. என்னை மிகவும் மகிழ்ச்சியான ஆள் என்று நினைத்திருக்கிறாள். திருத்தவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது யோசித்தேன். ஏன் இவற்றையே வாசிக்கிறேன்? நல்ல இலக்கியமும் வாசித்தவள்தான். பட்டியல் கேட்டால் தூங்கவிடாமல் சொல்வேன். ஆனால் நல்ல இலக்கியத்தில் ஆண்கள் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறார்கள். அது வீட்டிலேயே இருக்கிறது. இந்த நாவல்களில் ஆண்கள் கதைக்கிறார்கள். தப்பாக, நீளமாக, கழுத்து நரம்பு புடைக்க, பக்கம் பக்கமாகக் கதைக்கிறார்கள்.

மார்ச் 9

நல்ல காய்ச்சல். நோன்பு மாதம் என்பதால் ஜெபல் அலியில் அவருக்கு வேலை நேரம் குறைவு; பின்னேரமே வந்துவிட்டார். கதவைத் தட்டினார். தன் வீட்டில் தன் அறைக் கதவை. மல்லித் தண்ணி அவித்துக் கொண்டுவந்தார். புறங்கையால் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"கொதிக்குது. எழும்பாதையும்."

நாயகிக்குக் காய்ச்சல் வருவது பதினேழாம் அத்தியாயம். அன்று இரவு அவன் கட்டிலோரம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவான். விடியும்போது அவள் கண் விழித்து அவன் முகத்தைப் பார்ப்பாள். ஐம்பது முறையாவது வாசித்திருப்பேன், ஐம்பது முறையும் கிண்டல் செய்திருப்பேன்.

மார்ச் 10

நாற்காலி சமையலறையில் இருந்தது.

ஆனால் குவளையைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். மேசையில் பெனடோல் மாத்திரை அட்டை, பக்கத்தில் மூடி திறந்து கொடுத்த தண்ணீர்ப் போத்தல். எனக்கு மூடி திறக்க வராது என்பது இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது அவருக்கு.

அது ஏதோ ஒன்றுதானே? ஒன்றுமே இல்லை என்று சொன்ன மனிதருக்கு அது ஏதோ ஒன்றுதானே?

மார்ச் 15, சனி

புது நாவல் ஒன்றைப் பற்றி நல்ல மாதிரி எழுதினேன். நாயகன் நாயகிக்கு மீன் முள் எடுத்துக் கொடுக்கும் இடம் நெகிழ்ச்சியாக இருக்கிறது என்று எழுதினேன். கிண்டல் இல்லை, உள்குத்து இல்லை. உடனே மூன்று பேர் உடம்பு சுகமில்லையா என்று கேட்டார்கள். பக்கத்தை யாரோ களவெடுத்துவிட்டார்களா என்று ஒருவர்.

இந்த வாரம் அவரோடு சேர்ந்து இரண்டு நாள் சாப்பிட்டேன். அவர் டிவி பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். காதோரம் நரை வந்திருக்கிறது. இதெல்லாம் எப்போது நடந்தது?

ஏப்ரல் 8, செவ்வாய்

வேலை கிடைத்துவிட்டது. ஜெபல் அலியில் ஒரு சரக்குக் கொம்பனி, கணக்குப் பகுதி. மேலாளர் பன்னீர்செல்வம், தஞ்சாவூர்க்காரர். கணக்கையும் கேட்டார், கணவர் விசாவையும் கேட்டார். ஓம், கணவர் விசாதான் என்றேன். அப்படியானால் அடுத்த வாரமே சேரலாம், விசாவை மாற்றத் தேவையில்லை என்றார்.

மாற்றத் தேவையில்லை. மெட்ரோவில் வரும் வழியெல்லாம் அதையே வாசித்துக்கொண்டு வந்தேன், மனத்துக்குள். வேலையும் இருக்கும். விசாவும் இருக்கும். ஒருவரும் எங்கேயும் போக வேண்டாம். அவருக்கும் ஒரு சாக்குக் கிடைக்கும். ஆண்களுக்கு ஒரு சாக்குத்தானே வேண்டும், எல்லாக் கதையிலும்?

புட்டு அவித்தேன். சாப்பிட்டு முடியும் வரை பொறுத்திருந்து சொன்னேன். "விசா மாத்தத் தேவையில்லையாம்" என்பதை, ஏதோ நினைவு வந்ததுபோல, கடைசியில் சொன்னேன்.

அவர் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நல்ல விசயம். ஆனா நீங்கள் கொம்பனியிட்டையே விசா கேளுங்கோ."

ஏப்ரல் 9

நீங்கள்.

ஏப்ரல் 11

இதை யாருக்குச் சொல்லி விளங்கப்படுத்துவது? எங்கள் வீடுகளில் கணவன் மனைவியை "நீர்" என்பான். "நீ" என்றால் அதட்டல். "நீங்கள்" என்றால் வங்கி மேலாளர், சம்பந்தி வீட்டார், பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர். நடுவில் இருக்கிற "நீர்" வீட்டுக்குள் மட்டும் புழங்கும். இந்தியத் தமிழர்களுக்கு அது ராசா வேசம் கட்டியவர் பேசுவதுபோலக் கேட்கும். எங்களுக்கு அது அடுப்படிச் சொல். உமக்குத் தேத்தண்ணி வேணுமோ. கதவைப் பூட்டினீரோ. எழும்பாதையும்.

நாவல்களில் நாயகி "நீங்க" என்பதிலிருந்து "டா" என்று இறங்கும் அத்தியாயத்துக்காகத்தான் பாதிப் பேர் வாசிக்கிறார்கள். மரியாதை குறையக் குறையக் காதல் என்று நானே நக்கலாக எழுதியிருக்கிறேன். மரியாதை கூடினால் என்ன நடக்கும் என்று ஒருவரும் எழுதியதில்லை.

அவர் வேண்டுமென்று சொல்லியிருக்க மாட்டார். வேண்டுமென்று சொல்லியிருந்தால் கெஞ்சலாம். தானாக வந்த சொல்லோடை என்னெண்டு சண்டை பிடிக்கிறது?

ஏப்ரல் 12, சனி

கேட்டேன். கேட்கக் கூடாது என்று தீர்மானித்திருந்ததைக் கேட்டேன். "வேற ஆரும் இருக்கினமோ?"

"இல்லை, கஜந்தி. இருந்திருந்தா உங்களுக்கும் லேசா இருந்திருக்கும்."

உண்மைதான். மற்றவள் இருந்தால் எனக்கு ஒரு பாத்திரம் கிடைத்திருக்கும். முப்பத்தொன்பது வயதில், வில்லியும் இல்லாத கதையில் நிற்கிறேன்.

காய்ச்சலுக்கு மல்லித் தண்ணி அவித்தது? அதையும் கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. காய்ச்சல்காரிக்கு யாரும் அவித்துக் கொடுப்பார்கள். அவர் நல்ல மனிசன். நல்ல மனிசனாய் இருந்ததைப் போய் நான் அத்தியாய இலக்கம் போட்டு வாசிச்சிருக்கிறன்.

ஏப்ரல் 14, திங்கள்

பன்னீர்செல்வத்திடம் நிலைமையைச் சொன்னேன். வேலையும் போகும் என்றுதான் நினைத்தேன். அவர் மேசையிலிருந்த பேனாவைச் சற்று நேரம் திருப்பிக்கொண்டிருந்தார். "விரும்பத்தக்கதுன்னு தானேம்மா போட்டிருக்கு, கட்டாயம்னு போடலையே. கம்பெனி விசாவே எடுத்துக்கலாம்" என்றார்.

நன்றி சொல்லிவிட்டு வந்து பெண்கள் கழிப்பறையில் நின்றேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஒரு வாசகி என் புத்தகப் பக்கத்தில் கேட்டிருக்கிறார்: கணவனும் மனைவியும் சண்டையில்லாமல் பிரிந்துபோகும் காதல் நாவல் ஏதாவது இருக்கிறதா? யார் இவர், என்ன நிலையில் கேட்கிறார் என்று தெரியாது. தேடிப் பார்த்தேன். என்னிடம் ஒன்றுகூட இல்லை. எழுத்தாளர்களுக்கு எழுதத் தெரியாமல் அல்ல. எழுதினால் நாங்கள் வாங்க மாட்டோம். விஜிக்குக் காலையில் டூட்டி இருக்கிறது.

"இல்லை. மன்னியுங்கள்" என்று மட்டும் எழுதினேன். நகைச்சுவையாக ஒரு வரி சேர்க்கப் பார்த்து, விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 23

விஜியிடம் சொன்னேன். அவளுடைய அறையில் ஒரு கட்டில் காலியாகிறதாம். நான்கு பேர் இருக்கும் அறை. பிறகு கேட்டாள்:

"அப்ப எங்களுக்கெல்லாம் சுபம் சுபம்னு சொல்லிக்கிட்டு இருந்தீங்க?"

"புத்தகத்தைத்தானே கேட்டனீர்."

நீர் என்று வாயில் வந்துவிட்டது. அவளுக்குச் சிரிப்பு. "என்னக்கா, ராசா மாதிரி பேசுறீங்க" என்றாள். நானும் சிரித்தேன். பிறகு அவள் கீழ்க் கட்டிலை எனக்குத் தந்துவிட்டுத் தான் மேலே ஏறிக்கொள்வதாகச் சொன்னாள். உயரமானவர்கள் மேலே படுத்தால் எழும்பும்போது தலை இடிக்குமாம்.

ஏப்ரல் 28

அரசாங்கப் படிவங்கள் அடித்துக் கொடுக்கும் டைப்பிங் சென்டருக்கு இருவரும் சேர்ந்து போனோம், என் விசாவை ரத்துச் செய்ய. நீண்ட காலத்துக்குப் பிறகு சேர்ந்து போன இடம். கவுண்டரில் இருந்த மலையாளிப் பையன், மேடம் ஊருக்குப் போகிறாரா என்று விசாரித்தான். "இல்லை, அவவுக்கு வேலை கிடைச்சிருக்கு" என்றார் சுஜந்தன். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பையன் எங்கள் இருவருக்கும் வாழ்த்துச் சொல்லி, இரண்டு சுலைமானித் தேத்தண்ணி வரவழைத்தான். கல்யாண நாளுக்குப் பிறகு எங்களைச் சேர்த்து வைத்து ஒருவர் வாழ்த்தியது இதுதான். நன்றி சொல்லிக் குடித்தோம். இனிப்புக் கூடுதல்.

ஊரில் கோர்ட் அலுவல்களை டிசம்பர் லீவில் பார்க்கலாம் என்றார். சரி என்றேன்.

மே 3, சனி

வந்துவிட்டேன். இரண்டு தெரு தள்ளித்தான். ஆனாலும் டாக்சி பிடிக்க வேண்டியிருந்தது, புத்தகங்கள் பாரம்.

புத்தகப் பெட்டியை அவரே தூக்கினார். லிப்டுக்காகக் காத்திருக்கும்போது அட்டைப் படங்களைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதுகளுக்குள்ள அப்பிடி என்னதான் கிடக்கு?"

இத்தனை வருடத்தில் முதல் முறை.

"கடைசியில அவர் திரும்பி வருவார்."

"எல்லாத்திலயுமோ?"

"எல்லாத்திலயும்."

அவர் லிப்ட் பொத்தானை இன்னொரு தரம் அழுத்தினார்.

கீழே டாக்சியில் ஏறும்போது பழக்கத்தில் "போட்டு வாறன்" என்றேன். எங்கள் ஊரில் போகிறேன் என்று மட்டும் சொல்லக் கூடாது. அவர் தலையை ஆட்டினார். டாக்சி திரும்பும் வரை நின்றார். நல்ல மனிதர். அதையும் இங்கே எழுதி வைக்கிறேன், பிறகு மாற்றி நினைத்துவிடாமல் இருக்க.

மே 25

புத்தகப் பக்கத்தில் மூன்று வாரமாக ஒன்றும் போடவில்லை. இன்று போட்டேன். நாயகன் தொழிலதிபர். என்ன தொழில் என்று இதிலும் சொல்லவில்லை.

ஓகஸ்ட் 14, வியாழன்

வெக்கை. கண்ணாடி போட்டவர்களுக்கு பஸ்ஸிலிருந்து இறங்கியதும் உலகம் தெரியாது, ஆவி படிந்துவிடும். துடைப்பதற்காக நின்றபோதுதான் திகதி ஞாபகம் வந்தது. இன்று சுஜந்தனின் பிறந்தநாள். காலையில் எழும்பி, தேத்தண்ணி போட்டு, வேலைக்குப் போய், பன்னீர்செல்வத்தோடு ஒரு பில் விசயமாக வாதாடி வென்று, திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கும் வரை எனக்கு ஞாபகம் வரவில்லை.

அங்கேயே சற்று நேரம் நின்றேன்.

இன்று அறையில் சமையல் என் முறை. வெங்காயம் வாங்கிக்கொண்டு போனேன். விஜி கட்டிலில் இருந்து எட்டிப் பார்த்து, கண் ஏன் இப்படிச் சிவந்திருக்கிறது என்றாள்.

வெங்காயம் என்றேன். அவள் பையைப் பார்த்தாள். கட்டை இன்னும் அவிழ்க்கவில்லை. இறங்கி வந்து, கத்தியை எடுத்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உரிக்கத் தொடங்கினாள்.