இருக்கையில் துண்டு மட்டும்

அன்புள்ள உனக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? விடுப்பில் ஊருக்கு வரும்போது இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் வெல்டர் தம்பி ஒன்றைப் பத்தாக்கிச் சொல்வார். ஆகவே நானே முந்திக்கொள்கிறேன். பயப்படாதே.

விடுமுறையில் கம்பெனிப் பேருந்தில் எங்களைக் கடற்கரை நகரத்துக்கு அழைத்துப் போனார்கள். வழியில் ஓரிடத்தில் நிறுத்தினார்கள். நீ கேலி செய்வாயே, அதுபோல இருக்கையில் துண்டைப் போட்டுவிட்டு இறங்கினேன். கழிப்பறை வரிசையில் எல்லோருக்கும் வழிவிட்டுக் கடைசியாகப் போய் வந்தால், பேருந்தைக் காணோம். இதய மாத்திரையும் பாஸ்போர்ட்டும் பையோடு போய்விட்டன. யாரிடம் எந்த மொழியில் கேட்பது? நகர்ந்தால் தேடி வருகிறவர்கள் தவறவிடுவார்களோ என்று வெயிலிலேயே நின்றேன். நெஞ்சு படபடத்தது வெயிலால்தான் என்று நினைக்கிறேன்.

நெடுநேரம் கழித்துப் பேருந்து திரும்பி வந்தது. வெல்டர் தம்பி குதித்து இறங்கினார்.

"என்ன பெரியவரே! முழிச்சுப் பாத்தா பக்கத்துல துண்டு மட்டும் ஜம்முனு உக்காந்திருக்கு!"

"எல்லாருக்கும் தொந்தரவு குடுத்துட்டேன், தம்பி."

"அட, முதல்ல மாத்திரையப் போடுங்க."

கடற்கரையில் எல்லோரும் தண்ணீரில் இறங்கினார்கள். நான் பேருந்துப் படியை விட்டு நகரவில்லை. அலைச் சத்தம் மட்டும் கேட்டது.

துண்டு நைந்துவிட்டது. தம்பி திரும்பும்போது ஒன்று கொடுத்தனுப்பு. புதிது வேண்டாம், நீ முகம் துடைக்கிற துண்டே போதும்.

தம்பி பெட்டியைப் பூட்டப் போகிறாராம், அவசரப்படுத்துகிறார்.

உன் வீட்டுக்காரன்