மூன்றாவது புள்ளி

8.2.1999
தகரை விதைப் பசையை அமிலத்தில் காய்ச்சி, அதிலிருந்த சர்க்கரைகளைத் தாளில் பிரித்துப் பார்த்தேன். படித்த கட்டுரைகளிலெல்லாம் இரண்டே சர்க்கரைதான்: மேன்னோஸ், காலக்டோஸ். சர்க்கரைக்கு ஒரு புள்ளி; எனக்கு மூன்று புள்ளி! மூன்றாவது குளுக்கோஸ். பேசின் பிரிட்ஜ் தண்டவாள ஓரத்தில் நானே பறித்த விதை. களைச்செடிக்குள் இப்படி ஒரு புதையலா?

12.2.99
மறுபடி செய்தேன். மறுபடியும் மூன்று.

15.2.99
என் வழிகாட்டி குமாரவேல் சார் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "புதுக் கட்டமைப்பும்மா இது. மார்ச் கருத்தரங்கில நீயே பேசு." கட்டுரைச் சுருக்கத்தை அனுப்பிவிட்டார். முதல் பெயர் என்னுடையது. ரமாபாய், வியாசர்பாடி! பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், கால் வலிக்கவில்லை.

21.2.99, ஞாயிறு
அய்யோ.

அம்மா அப்பாவின் பழைய வேட்டியைத் துண்டு துண்டாகக் கிழித்துக் கஞ்சியில் முக்கிக்கொண்டிருந்தாள். பசைக் கரைசலை வடிகட்ட நான் எடுத்துப்போகும் துணி!

"இன்னாம்மா பண்றே?"

"நைஞ்சிப்போன துணிய எட்த்துக்கினு காலேஜுக்குப் போவியா? மொடமொடன்னு இருந்தாத்தான் மரியாதி. எப்பவும் கஞ்சி போட்டுத்தானே தரேன்."

சோற்றுக் கஞ்சி. மாவுச்சத்து. அமிலத்தில் காய்ச்சினால் குளுக்கோஸ்.

அம்மாவிடம் கத்திவிட்டேன். அவளுக்கு இன்னா தெரியும்? துணி வெறைப்பா இருந்துச்சே, நான் ஒரு தபா யோசிச்சேனா?

22.2.99
துணியில் ஒரு சொட்டு அயோடின். கருநீலம்: கஞ்சியேதான்.

சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? — இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

23.2.99
சொல்லிவிட்டேன். சார் அந்தத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தார். பிறகு, "எதில வடிகட்டினேன்னு நானும் கேட்டிருக்கணும்" என்றார். சுருக்கத்தைத் திரும்பப் பெற அவரே கடிதம் எழுதினார். "சுத்தமான துணியில செஞ்சு காட்டு. மேன்னோஸ் சங்கிலியில காலக்டோஸ் கிளைகள் எங்கெங்க ஒட்டியிருக்குன்னு பார்க்கிற வேலை அப்படியே கிடக்கு."

பாத்ரூமில் போய் அழுதேன். ஆனாலும் பாரம் இறங்கிவிட்டது. அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "போடி, நாஷ்டா துன்னு" என்றாள்.

4.3.99
துணியை நானே வெந்நீரில் நான்கு முறை அலசினேன். அயோடின் பழுப்பாகவே நின்றது. இரண்டே புள்ளி. இவ்வளவு அழகான தாளை நான் பார்த்ததில்லை.

18.11.2000
ஆய்வேடு கொடுத்தாயிற்று. மேன்னோஸ் ஐந்துக்குக் காலக்டோஸ் ஒன்று. கிளைகள் ஒட்டும் இடமும் தெரிந்துவிட்டது. முப்பத்தோராம் பக்கத்தை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்: 'வடிகட்டும் துணியில் கஞ்சி இல்லை என்று ஒவ்வொரு முறையும் அயோடின் விட்டு உறுதிசெய்யப்பட்டது.'

அடுப்பை விட்டு எழுந்து வந்தாள். "எங்க கீது என் கஞ்சி?" காட்டினேன். அந்த வரியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டாள்.

"யோவ், இங்க வா. உன் வேட்டி பொஸ்தகத்துல ஏறிக்கீது."