ரென்ச்சோடு வந்தவர்

லைப்சிக், வியாழன் இரவு



சாயங்காலம் ஒருவர் மணியடித்தார். கையில் மரை முடுக்கும் ரென்ச் இருந்தது. "ஹீட்டர் பாக்க வந்தனான், அக்கா" என்றார். தமிழ் கேட்ட சந்தோஷத்தில் உள்ளே விட்டுவிட்டு டீ போடப் போனேன். என் சொல்லாய்வுக்காகக் காலை முழுக்க 'ரென்ச்' என்ற சொல்லோடுதான் இருந்தேன். இடைக்கால ஆங்கிலத்தில் ரென்ச் என்றால் தந்திரம். அந்தப் பொருள் எப்போதோ வழக்கொழிந்துவிட்டது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

போகும்போது கேட்டார்: "வத்சலா எத்தினை மணிக்கு வருவா?"

வத்சலா என்னோடு இருப்பது இங்கே யாருக்கும் தெரியாது. புருஷனுக்குப் பயந்து டோர்ட்மண்டிலிருந்து ஓடி வந்தவள்.

"அப்படி யாரும் இல்லையே" என்றேன். சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

வத்சலா வந்ததும் சொன்னேன்.

"ஒரு கால் இழுத்து நடந்தவரோ?"

"ஆமா."

அவள் அழவில்லை. "அவர்தான் என்ர மனுசன். மற்றத் திறப்பு எங்கை, அக்கா?" என்றாள். கதவருகே சாவி மாட்டும் ஆணி காலியாக இருந்தது.

போலீஸ் வந்து விசாரித்துவிட்டுப் போனது. காலையில்தான் பூட்டு மாற்றுவார்கள். அலமாரியைக் கதவுக்குக் குறுக்கே தள்ளியிருக்கிறோம். அவள் சப்பாத்தைக் கழற்றாமலே படுத்திருக்கிறாள்.

நாளைக்கு எங்கே போவாய் என்று நான் அவளைக் கேட்கவில்லை. இங்கேயே இருக்கிறேன் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம்.