வால் வெட்டிய தக்கை

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே மூன்று பேரும் விழுந்து எழுந்து ஓடிக்கொண்டிருக்கிறோம், அதையே நலம் என்று வைத்துக்கொள். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்த இருமல் விட்டதா என்று எழுது. அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, தைலம் தேய்த்துவிட்டால் வாசனைக்கே பாதி குணம் என்கிறார், மீதிப் பாதிக்கு என்னைத் திட்டுகிறார். தங்கச்சி தேர்வுக்குப் படிக்கிறேன் என்று கதவைச் சாத்திக்கொள்கிறாள், உள்ளேயிருந்து குறட்டைதான் கேட்கிறது. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொல்ல வந்தது வேறு, அதைப் போனில் ஆரம்பித்தால் நான் பாதியில் அழுதுவிடுவேன், நீயும் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய். போன மாதம் நீ ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏதோ ஓர் அளவைத் தப்பாக அடித்து, பழி பக்கத்து மேசைக்காரர் மேல் விழுந்து, அவரை வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்தி வைத்திருப்பதாகச் சொல்லி, என்ன செய்யட்டும் என்று கேட்டாய். வாயைத் திறக்காதே, போன இடத்தில் உனக்கு எதற்கு வம்பு என்றேன். அந்தப் புத்திமதியைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

பட்டறையில் இப்போது நாலு தடித்த டயர் வைத்த ஏடிவி வண்டிகளின் எஞ்சின் பாகங்கள்தான் நிறைய வருகின்றன. சேறும் எண்ணெயுமாக வரும், கழுவி, மணல் அடித்து, அடுப்பில் ஒருமுறை சுட்டு வேர்க்க வைப்போம், உலோகம் குடித்து வைத்திருக்கிற எண்ணெயெல்லாம் அப்போதுதான் கசிந்து வெளியே வரும். அதற்குப் பிறகு, வண்ணப் பவுடரைத் தூவி மறுபடி அடுப்பில் வேகவைத்துப் பூச்சாக்குவதற்கு முன்னால், என் மேசைக்கு வரும். பவுடர் படக்கூடாத இடத்தில் டேப் ஒட்ட வேண்டும், துளைகளில் ரப்பர் தக்கை செருக வேண்டும். இதைத்தான் நீ அம்மாவின் ஒட்டு வேலை என்று கிண்டல் செய்வாய். கிண்டல் செய்தாலும் பட்டறையில் நாற்காலி போட்டுச் செய்கிற வேலை இது ஒன்றுதான், என் இடுப்புக்கு அந்த நாற்காலி எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்கே தெரியும்.

சிவப்புப் பவுடருக்கு ஒரு எஞ்சின் உறை வந்தது. அதன் ஓரத்தில் எண்ணெய் போகிற ஒரு துளை, அரிசி அளவுதான் இருக்கும். அதில் செருகிய தக்கையின் வால், பிடித்து இழுத்து எடுப்பதற்காக வெளியே நீட்டிக்கொண்டிருப்பது, பக்கத்து மேட்டில் இடித்தது, இடித்த இடத்தில் பவுடர் ஒட்டாமல் திட்டாகத் தெரியும், முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார் என்று கத்தரிக்கோலை எடுத்து வாலை நறுக்கிவிட்டேன். வால் இல்லாத தக்கை துளைக்குள் மட்டமாக உட்கார்ந்துகொண்டது, அதன் தலையிலும் சிவப்பு ஏறி, வெந்து, உறையோடு உறையாகிவிட்டது. எடுக்கும்போது எண்ணினேன். செருகியது இருபத்திரண்டு, கையில் இருந்தது இருபத்தொன்று. ஒன்று உருண்டு அடுப்புக்கு அடியில் போயிருக்கும் என்று நினைத்துவிட்டேன், எப்போதும் அப்படித்தான் போகும்.

எஞ்சினைப் பூட்டியது எங்கள் பிட்டர். ஒரு நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார், அதனாலேயே அவருக்கு வாயாடி என்று பெயர். வண்டி எடுத்துப்போனவர் ஏற்றத்தில் பாதி ஏறுவதற்குள் எஞ்சின் எண்ணெய் இல்லாமல் இறுகி நின்றுவிட்டது, நல்லவேளை ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. முதலாளி எல்லார் எதிரிலும் வாயாடியைப் பார்த்து, ஆயில் பம்ப்பை ஒழுங்கா மாட்டத் தெரியாதவனுக்கு ஸ்பேனர் எதுக்குய்யா என்று கத்தினார். சரியாத்தான் மாட்டினேன் என்று ஒரு தடவை சொன்னார், அப்புறம் ஸ்பேனரைத் துடைத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் அந்த உறையைப் பழைய பூச்சை உரிக்க என்னிடம் கொண்டுவந்து போட்டார்கள். ஓரத்தைத் தடவினேன், அந்த எண்ணெய்த் துளை இருந்த இடம் மட்டும் மெத்தென்றிருந்தது. எண்ணிக்கையில் குறைந்த அந்தத் தக்கைதான் கண்ணு, எண்ணெயை அடைத்துக்கொண்டிருந்தது. கொண்டை ஊசியால் தக்கையை நெம்பி எடுத்து மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை.

ஒன்பது நாள் அது என் பையிலேயே இருந்தது. நாற்காலி போய்விடும், இந்த வயதில் யார் வேலை தருவார்கள், அப்பா உடம்பு இப்படி இருக்கிறது என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். நடுவில் நீ கேட்டபோதும் அந்த வக்கீலைத்தான் உன்னிடம் அனுப்பி வைத்தேன். பத்தாம் நாள் காலையில் முதலாளி டீ குடித்துக்கொண்டிருந்தார், போய்த் தக்கையை அவர் முன்னால் வைத்துச் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. கைத்தப்பு யாருக்கும் வரும்மா, எண்ணிக்கை குறைஞ்சப்பவே சொல்லியிருக்கலாம்ல என்றார். இப்போது என்னைக் கழுவுகிற தொட்டிக்கு மாற்றிவிட்டார், நாள் முழுக்க நின்றே வேலை, சாயங்காலம் காலைத் தூக்கி வைப்பதற்குள் உயிர் போகிறது. அதுகூடப் பரவாயில்லை. அன்று மாலையே வாயாடி வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். கடைசியில், எத்தனை நாளா தெரியும் என்று மட்டும் கேட்டார். ஒன்பது நாள் என்றேன். சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிட்டார். முன்பு என்னைத் தாண்டிப் போகும்போது தலையசைப்பார், இப்போது அதுவும் இல்லை.

தக்கைக்காக அவர் என்மேல் கோபப்படவில்லை கண்ணு, அது எனக்குத் தெரியும். அந்த ஒன்பது நாளுக்காகத்தான். உன்னையும் அப்படி, எத்தனை நாளா தெரியும் என்று ஒருவர் கேட்பார். நீ சொல்லப்போகிற எண்ணில் ஒரு பங்கு நான் சொல்லிக்கொடுத்தது, அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. போய் உன் தப்பைச் சொல்லிவிடு, வேலை போனால் போகட்டும், வீட்டுக்கு வா, இருக்கிறதைப் பகிர்ந்து சாப்பிடலாம்.

நீ ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், உன் நெஞ்சும் உன்னோடு நிம்மதியாக இருக்க வேண்டும். இருமலுக்கு வெந்நீர் குடி. இந்தக் கடிதம் உன் கைக்கு வர ஆறு நாள் ஆகும் என்கிறார்கள். அதுவரைக்குமான நாளெல்லாம் என்மேல் இருக்கட்டும், அம்மாதான் தடுத்தாள் என்றே அந்தப் பக்கத்து மேசைக்காரரிடம் சொல். படித்து முடித்த பிறகு வருகிற நாள் மட்டும் உன்னுடையது.

இப்படிக்கு,
உன் அம்மா