பாவு என்று நீ சொன்னது

இன்றைக்கு ட்ரான்ஸ்பார்மருக்கு எண்ணெய் வடிகட்டுகிறார்கள். காலையிலிருந்து யார்டு முழுக்க அந்தச் சூடான எண்ணெய் வாசனை. எனக்குக் குமட்டும், உனக்கு மட்டும் பசிக்கும். "பாய், எவனோ வடை சுடறாம்பா" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே டிபன் பாக்ஸைத் திறப்பாயே, மனுஷனா நீ! இன்றைக்கு எனக்கும் பசித்தது. கூடவே கோபமும் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை; உன் மேல்தான் இருக்க வேண்டும்.

இந்த சப்ஸ்டேஷனில் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். ஒலிமுகமதுபேட்டையிலிருந்து நான், பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீட்டிலிருந்து நீ. கல்லூரிப் பிள்ளைகள் சுற்றிப் பார்க்க வந்தால் உனக்குக் கொண்டாட்டம். அவர்கள் கண்ணுக்கு எல்லாமே பீங்கான் தூண்கள்தான். நீ கையை நீட்டிக் காட்டுவாய். "ரெண்டு கைய நீட்டிக்கினு நிக்குது பாரு, அது சி.டி. ஒரு கையில கரண்ட வாங்கி மறு கையில குடுக்குது. ஒத்தக் கையோட நிக்கிறது பி.டி. எவ்ளோ வோல்ட்டுன்னு தொட்டுப் பாக்கும், அவ்ளோதான். கத்தி தெறந்துக்குதா மூடிக்குதான்னு கண்ணுக்குத் தெரிஞ்சா ஐசோலேட்டர். பிரேக்கர் அப்டி இல்லமா, வயித்துக்குள்ள இன்னா நடக்குதுன்னு வெளிய தெரியாது." பெண் பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் தலையில் அடித்துக்கொண்டு கண்ட்ரோல் ரூமுக்குள் போய்விடுவேன்.

பிறகு உனக்குப் பக்கவாதம் வந்தது. சில மாதங்களில் கையும் காலும் திரும்பி வந்துவிட்டன, பெயர்கள் வரவில்லை. பொருள் இன்னதென்று தெரியும், வாயில்தான் வேறு சொல் வரும் என்றார் டாக்டர். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்து உட்கார்ந்திருந்தாய். யார்டுக்குத் திரும்ப வேண்டும், உனக்கு வேறு ஆசையே இல்லை.

"யார்டுல நின்னு ஒவ்வொண்ணா பேர் சொல்லட்டும். சொல்லிட்டா டூட்டி குடுத்துடலாம்" என்றார் நம் மேலதிகாரி அம்மா. தப்பு என்று சொல்ல முடியுமா? போனில் ஒரு பெயர் மாறினால் லைனில் ஏறியிருப்பவன் செத்தான். உனக்கும் அது தெரியும். சண்டை போடக்கூட ஆளில்லாமல் போயிற்று எனக்கு.

தினமும் சாயங்காலம் போனில் படம் எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். பக்கத்து அறையில் உன் அண்ணன் தறி ஓட்டிக்கொண்டிருப்பார். சி.டி. படத்தைக் காட்டினால் இரண்டு கையையும் சரியாக நீட்டுவாய். வாயைத் திறந்தால் "தார்" என்பாய். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற நூல் சுற்றிய தார். தொங்குகிற இன்சுலேட்டர் வரிசை உனக்குத் தறியில் தொங்கும் விழுது. பிரேக்கர், காலால் அமுக்குகிற மிதி. சின்ன வயதில் கேட்ட தறிச் சொற்கள் மட்டும் எப்படியோ தங்கிவிட்டன. "பாய் அண்ணா, எங்க மாமனார் கேட்டிருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு" என்று உன் மனைவி சிரித்தாள். பிறகு அடுப்படிக்குப் போனவள் வெகுநேரம் வரவே இல்லை. அல்லாவிடம் கேட்டேன். டாக்டரிடம் கேட்டேன். கடைசியில் உன்னிடமே, "ஒரே ஒருக்கா 'சி.டி.'ன்னு சொல்லேம்பா" என்று கெஞ்சினேன்.

பேர் சொல்ல வேண்டிய அன்று காலையில் நீ தலைவாரி, புதுச் சட்டை போட்டு வந்தாய். "யாரும் எடுத்துக் குடுக்கக் கூடாது" என்று அம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டார். நான் கண்ட்ரோல் ரூம் படியருகே நின்றேன். முதலில் சி.டி. இரண்டு கையையும் விரித்தாய். "கரெக்டுண்ணா. பேரு சொல்லுங்க" என்றார் அம்மா. "தார்." அவர் கீழே பார்த்துக்கொண்டார். பிறகு தலைக்கு மேலே கையைக் காட்டினார். யார்டின் குறுக்கே வரிசையாக இழுத்துக் கட்டிய, எல்லா லைனுக்கும் மின்சாரம் பிரித்துக் கொடுக்கிற, நாங்கள் 'பஸ்' என்கிற கம்பிகள். நீ அண்ணாந்து பார்த்தாய். உடனே திரும்பி என்னைப் பார்த்தாய். "பா... பாவு" என்றாய். தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டுகிற நூலுக்குத்தானே பாவு என்று பேர். கம்பிகளும் அப்படித்தான் தெரிந்தன. போச்சு, இதையும் தறியாக்கிவிட்டான் என்று நினைத்தேன். என்னைப் பார்த்தே இன்னொரு தடவை சொன்னாய், இன்னும் சத்தமாக, "பாவு!" நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

"நான் இன்னா பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க" என்று அம்மா என்னிடம் கேட்டபோது அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

உன்னை ஆபீசில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மழைக்காலம் வருவதற்குள் இரண்டாவது தடவை வந்தது. ஆஸ்பத்திரி வாசலோடு முடிந்துவிட்டது.

உன் காரியத்தன்று உன் மனைவி எனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தாள். "அண்ணா, நீங்க ஒருநாள் வரலன்னாலும் தெருவப் பாத்துக்கினு 'பாவு, பாவு'ன்னு கத்துவாரு. பாய்னு சொல்ல வரல அவருக்கு. ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றாள்.

தெரியாதப்பா. சத்தியமாகத் தெரியாது. நீ கம்பிக்குப் பேர் சொன்னாயா, என்னைக் கூப்பிட்டாயா? இனி யாரைப் போய்க் கேட்பது? அந்த பஸ் கம்பிகளுக்குக் கீழே போகும்போதெல்லாம், யாரும் கூப்பிடாமலே, "இன்னாப்பா" என்று என் வாய் கேட்டுவிடுகிறது.