குடிக்காமல் வைத்த காப்பி

தஃபீலா,
வியாழக்கிழமை காலை

அன்பு மகன் ராகானுக்கு அப்பா எழுதுவது. இறைவன் அருளால் இங்கே நாங்கள் இருவரும் நலம், உன் அம்மாவுக்கு முழங்கால் வலி, எனக்கு வழக்கம்போல் யார் மேலும் நம்பிக்கை வராத வியாதி. நீயும் நலம் என்று போனில் சொல்கிறாய், பாதிதான் நம்புகிறேன், போன வாரம் இருமலை மறைக்கப் போனைப் பொத்திக்கொண்டது எனக்குத் தெரியாதா. இதைப் போனில் சொன்னால் நான் கத்துவேன், நீ ஸ்வீடனில் சிக்னல் இல்லை என்பாய், அதனால்தான் கடிதம்.

போன வெள்ளிக்கிழமை மலை விளிம்பில் இருக்கும் நம் பழைய ஊருக்குப் போய்வந்தோம். கல் கல்லாகச் சீர்செய்து வெளிநாட்டுக்காரர்களைத் தங்க வைக்கிறார்களே, அங்கேதான் உன் சித்தப்பா தியாப் விடுதி நடத்துகிறான். அவன் வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். ஊற்றுத் தண்ணீர்ச் சண்டைக்குப் பிறகு பதினொரு வருடமாக அவனோடு எனக்குப் பேச்சு இல்லை. திடீரென்று அவன் மகள் வஸ்மா போன் செய்து, "பெரியப்பா, வீட்ட வந்து பாருங்க, அப்பா உங்ககிட்ட ஏதோ பேசணுமாம்" என்றாள். இத்தனை வருடம் இல்லாத பேச்சு இப்போது என்ன பேச்சு? நம் பாகத்தை வளைத்துப் போட்டுவிட்டான், என் வாயை அடைக்கத்தான் விருந்து என்று அப்போதே எனக்குப் பட்டது. அவனோடு சமாதானமாகப் போங்கள் என்று எப்போதும் நச்சரிக்கும் உன் அம்மா இந்த முறை மட்டும் போக வேண்டாம் என்றாள், அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை.

போனதும் சுவரைத்தான் பார்த்தேன். கல் பழையது, பூச்சு புதிது, சந்துகள் எல்லாம் கழுவி விட்டதுபோல் இருந்தன, ஒரு ஆட்டுப் புழுக்கையைக்கூடக் காணோம். கூரை சரிந்து கிடந்த நம் மூலை அறைக்குப் புது உத்திரம், புது நாணல், நீலக் கதவு, பூட்டு. தியாப் வீட்டுக்குள்ளே ஹாஜி முஸ்லிஹும் இன்னும் இரண்டு பெரியவர்களும் உட்கார்ந்திருந்தார்கள், சாட்சிக்கு ஆள் சேர்த்திருக்கிறான் பார் என்று நினைத்துக்கொண்டேன். தியாப் தானே காப்பி ஊற்றிக் கொடுத்தான். அவன் வீட்டில் ஒரு சொட்டும் தொண்டையில் இறக்குவதில்லை என்ற முடிவோடு போயிருந்தவன், கோப்பையை அப்படியே கீழே வைத்தேன். கோபத்தில் எனக்கு நம் வழக்கமே மறந்து போனது, நீயும் அங்கே போய் மறந்திருப்பாய், குடிக்காமல் கோப்பையை வைத்தவன் ஏதோ கேட்க வந்திருக்கிறான் என்று அர்த்தம், கொடுத்தேன் என்று வீட்டுக்காரன் சொன்ன பிறகுதான் அவன் குடிப்பான். தியாப் எழுந்து நெஞ்சில் கைவைத்து, "அண்ணே, காப்பியக் குடிங்க, நீங்க கேட்டு வந்தது எதுவானாலும் குடுத்தாச்சு" என்றான். அந்த நீலக் கதவைத் திற என்றேன். மறு பேச்சில்லாமல் சாவியைக் கையில் கொடுத்தான். திறந்தால் இரண்டு கட்டில், யாரோ வெளிநாட்டுக்காரனின் முதுகுப்பை, ஜன்னலில் காயும் காலுறை. திருடன், என் வீட்டை வாடகைக்கு விட்டுத் தின்கிறான் என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன். ஹாஜி முஸ்லிஹ், "பதில் சொல்லுடா தியாப், வாயில என்ன கொழுக்கட்டையா" என்று அதட்டினார். அவன் உன் அம்மாவை ஒரு பார்வை பார்த்தான், பிறகு, "தப்பு என் மேலதான், சாவி அண்ணன்கிட்டயே இருக்கட்டும்" என்றான். ஜெயித்துவிட்ட நினைப்பில் காப்பியைத் தொடாமலே கிளம்பி வந்தேன்.

சிமெண்ட் ஆலை வளைவு வரைக்கும் காரில் அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன். அதற்குமேல் உன் அம்மாவால் தாங்க முடியவில்லை, அழுதுவிட்டாள். "போதும், அவரு திருடன் இல்ல. அந்த அறை நம்ம புள்ள பேர்லதான இருக்கு, மூணு வருஷம் முன்னாடி ரிப்பேர் பண்ணிப் பொழங்கிக்கன்னு அவன்தான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தான். இல்லன்னா அந்தச் சுவரு விழுந்து ரெண்டு வீடும் போயிருக்கும். உங்களத் தனியாக் கூப்பிட்டு இதச் சொல்லத்தான் அவரு வரச் சொன்னாரு, பெரியவங்க தற்செயலா வந்தாங்க" என்றாள். அப்படியானால் அவன் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். "மகன் அப்பனுக்குத் தெரியாம செஞ்சான்னு நாலு பேரு முன்னால சொல்லச் சொல்றீங்களா?" என்றாள்.

காரை ஓரம் கட்டினேன். வெட்கமாக இருந்தது ராகான். ஊரையே சந்தேகப்பட்டேன், உன்னை மட்டும் சந்தேகப்படவில்லை. நீ கேட்டிருந்தால் மறுத்திருப்பேன், அது உண்மை, தியாப் கையால் நிற்பதைவிட வீடு விழட்டும் என்றிருப்பேன். அதனால் உன்னைக் கோபிக்க எனக்கு வாய் இல்லை, ஆனாலும் கோபம் இருக்கிறது. என்னைச் சுற்றி நீங்கள் எல்லோரும் நோயாளி வீட்டில் பேசுவதுபோல் குசுகுசுவென்று பேசி வந்திருக்கிறீர்கள், அதுதான் ஆறவில்லை.

நாளை அதே மூன்று பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு தியாப் வீட்டுக்குப் போகிறேன். திருடன் என்று சொன்ன வாயால்தான் இல்லை என்றும் சொல்ல வேண்டும். அவன் பேரைத் துடைக்க உன் பேரை எடுக்க வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள். இந்த முறை மன்னிப்பு கேட்கவே கோப்பையைக் கீழே வைப்பேன், குடி என்று அவன் சொல்லாவிட்டால் அதுவும் நியாயம்தான்.

இறைவன் உன்னைக் குளிரிலிருந்தும் கெட்ட கண்ணிலிருந்தும் காக்கட்டும். இருமலுக்கு டாக்டரைப் பார். சித்தப்பாவுக்கு நீயே போன் செய், நான் சொன்னேன் என்று சொல்லாதே. உன் அம்மாவை நான் திட்டவில்லை, பயப்படாதே. வேறு எதிலாவது கையெழுத்துப் போட்டிருந்தால் இப்போதே எழுதிவிடு. இனி எதுவானாலும் என்னிடம் கேள். மறுப்பேன். மறுத்தாலும் இன்னொரு தடவை கேள்.

இப்படிக்கு,
உன் அப்பா அவ்வாத்