தண்ணீர் குடிக்கத் தெரியாத படகு

வின்ட்வர்ட், கரியாக்கூ
ஞாயிறு மாலை

லின்டனுக்கு,

எல்லோரும் நலம் என்று தொடங்குவது முறை. உன் மகள் ஜனேல் நலம். வந்த மறுநாளே செருப்பைத் தொலைத்துவிட்டாள், தேடவும் இல்லை. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. உன் அப்பாவை நீ இப்போது பார்க்க வேண்டும். புயல் அவருடைய மரப்படகைச் சுள்ளியாக்கிவிட்டுப் போனதிலிருந்து வாசல் நாற்காலியை விட்டு எழாத மனிதர், காலையில் சீட்டியடித்துக்கொண்டு கடற்கரைக்குப் போகிறார். அதனால்தான் இதை எழுத எனக்குக் கை வரவில்லை.

போனில் சொல்லலாமே என்பாய். இரண்டு வீடும் ஒட்டி இருக்கின்றன, பேசினால் உன் அப்பாவின் காதில் விழும். தவிர, போனில் நீ என்னை ஒரு வாக்கியம் முடிக்க விடுவதில்லை. அதனால்தான் மின்னஞ்சல்.

நேற்று உன் அப்பாவின் இப்போதைய படகான 'மிஸ் எலோயீஸி'ல் பக்கத்துத் தீவு வரை போய் வந்தோம். என் அம்மாவின் பெயரை அந்த இரட்டைத்தோணிக் கேட்டமரானுக்கு வைத்ததில் எனக்கு வருத்தமில்லை. வெள்ளை வண்ணம் அடித்து, வலை கட்டி, மெத்தை போட்டு, நீ இணையத்தில் போட்டிருக்கும் படத்தைவிட நேரில் அழகாகவே இருக்கிறது. திரும்பி வந்ததும் இடப்பக்கத் தோணியின் உள்மூடியைத் திறந்து பார்த்தேன். கணுக்கால் அளவு தண்ணீர். விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். மழைநீர் இல்லை, உப்பு.

உன் அப்பாவிடம் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகவே சொன்னார்: "புதுசா எறக்குன படகு குடிக்கத்தான் செய்யும், ஆக்டேவியா. ஒரு வாரம் குடிக்க விடு. தானா அடைச்சிக்கும்."

"அண்ணே, குடிச்சு அடைச்சிக்கறது மரம். இது ஃபைபர். இது ஊறி உப்பாது."

உதவியாள் பொனிஃபேஸ் கயிறு சுற்றிக்கொண்டிருந்தவன் சும்மா இருப்பானா? "நான் வெள்ளிக்கிழமை குடிக்கிறேன், யாராச்சும் கேக்குறாங்களா டீச்சர்? பாவம், அதுவும் குடிக்கட்டுமே" என்றான். உன் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

இந்த ஊரில் வேறு யாரிடம் கேட்டாலும் அதே பதில்தான் வரும். தலைமுறை தலைமுறையாக மரம் அறுத்துப் படகு கட்டியவர்கள். கரையில் காய்ந்த படகு தண்ணீரில் இறங்கியதும் கசியும், பலகை ஊறி உப்பும், கசிவு நிற்கும். இதைப் பார்த்துத்தான் உன் அப்பா வளர்ந்தார், நானும்தான். ஆனால் இந்தப் படகு டிரெல் விரிகுடாவின் சதுப்பு மரங்களுக்குள், புயல் தள்ளிய மற்றப் படகுகளோடு குவிந்து கிடந்தது. உரியவர் தலைமுழுகிவிட்டுப் போன படகு. இரண்டு தோணிகளையும் பிணைக்கும் குறுக்குச் சட்டம் இடப்பக்கம் வந்து சேரும் இடத்தில், புது வண்ணத்துக்கு அடியில் தலைமுடி போல ஒரு கோடு ஓடுகிறது. பிசின் பூசி மேலே வண்ணம் அடித்திருக்கிறார்கள். படகு அசையும்போது அந்த இடம் முனகுகிறது. மரம் முனகினால் உன் அப்பாவுக்குத் தாலாட்டு. இதையும் அவர் அப்படித்தான் கேட்கிறார்.

வரும் சனிக்கிழமைக்கு டொராண்டோவிலிருந்து எட்டுப் பேர் கொண்ட குடும்பத்துக்கு முழுப் படகையும் நீ பதிவு செய்திருக்கிறாய். டொபேகோ கேஸ் குட்டித் தீவுகள் வரை போய் ஆமைகளோடு நீந்தி, சுட்ட இறால் சாப்பிட்டு, மாலையில் திரும்புவது. ஜனேலையும் அழைத்துப் போவதாகத் தாத்தா வாக்குக் கொடுத்துவிட்டார். பக்கத்துத் தீவு வரை பவளப்பாறை மறைப்பு இருக்கிறது. அதைத் தாண்டி யூனியன் தீவு வரையிலான திறந்த கடல் எப்படியிருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். போகும்போது காற்று வலப்பக்கத்திலிருந்து அடிக்கும், பாரம் முழுக்க இடத்தோணி மேல் விழும்.

ஃபைபர் வேலை தெரிந்த ஒருவர் பெரிய தீவிலிருந்து வந்து பார்க்கும் வரை அந்தப் பதிவைத் தள்ளிப்போடு. நீ சொன்னால் அவர் கேட்பார். நான் சொன்னால் வாத்தியாரம்மா பாடம் எடுக்கிறாள் என்பார்.

உன் அத்தை
ஆக்டேவியா


வியாழன், மதியம்

லின்டன்,

உன் பதில் வந்தது. "அத்தை, உங்களுக்கு எதுல ஓட்டை தெரியல? என் மொதல் கல்யாணத்துலயே தெரிஞ்சுதே" என்று எழுதியிருக்கிறாய். சிரித்தேன். அந்தத் திருமணத்தைப் பற்றி நான் சொன்னது சரியாகத்தான் இருந்தது, ஆனாலும் சிரித்தேன். இப்போது நிறுத்தினால் அப்பா மறுபடி நாற்காலிக்குத் திரும்பிவிடுவார் என்றும் எழுதியிருக்கிறாய். அதை நான் யோசிக்காமல் இல்லை.

இதற்குள் இங்கே வேறு வழியில் வைத்தியம் நடந்து முடிந்துவிட்டது. உன் அம்மா கனவு கண்டாள். இறந்துபோன உன் தாத்தா கடலில் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று பசிக்கிறது என்றாராம். அவ்வளவுதான், ஊருக்கே காரணம் விளங்கிவிட்டது. வெளியிலிருந்து வந்த படகை முறைப்படி கடலில் இறக்கவில்லை, இறந்துபோன பெரியவர்களுக்குச் சோற்றுத் தட்டு வைக்கவில்லை, அதனால்தான் தண்ணீர் ஏறுகிறது. பொனிஃபேஸ்கூடச் சிரிக்காமல் சொன்னான்: "சோறு போடாம பேரை மட்டும் வச்சா எலோயீஸ் கெழவி சும்மா இருக்குமா?"

திங்கள் இரவு முன்னறையில் வெள்ளைத் துணி விரித்து, உப்பில்லாத கோழியும் சோளக்களியும் மீனும் ஒரு டம்ளர் ஜாக் அயர்ன் ரம்மும் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். செவ்வாய் காலை படகின் முன்பக்கத்தில் செம்மறிக் கிடாவும் பின்பக்கத்தில் வெள்ளாடும் பலி கொடுத்தார்கள். பாதிரியார் தண்ணீர் தெளித்தார். பெரிய மேளம் அடித்து ஆடினார்கள். ஜனேலும் ஆடினாள், நன்றாகவே ஆடினாள். நான் கறி பரிமாறினேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் வற்புறுத்தவில்லை.

மறுநாள் தோணிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். உன் அப்பா என்னைப் பார்த்து ஒரு புருவத்தை மட்டும் தூக்கினார். இரண்டு நாளாகக் காற்றே இல்லை. படகு நங்கூரத்தில் குளத்து வாத்து போல நிற்கிறது. அசையாதபோது அந்தக் கோடு திறக்காது. இதைச் சொன்னேன். "பாத்தியா மெர்ல், பெரியவங்க வயிறு நெறஞ்சுது, இவளுக்குத்தான் நெறய மாட்டேங்குது" என்றார் உன் அம்மாவிடம்.

பள்ளி ஆய்வகத்திலிருந்து ஒரு மெல்லிய கண்ணாடிச் சில்லு எடுத்து வந்தேன், நுண்நோக்கியில் வைப்பது. அந்தக் கோட்டுக்குக் குறுக்கே இரு முனைகளிலும் பசை போட்டு ஒட்டினேன். கோடு அசையாமல் இருந்தால் கண்ணாடி முழுசாக இருக்கும். ஒரு நூல் அளவு திறந்தாலும் உடையும். உன் அப்பாவிடம் காட்டிவிட்டே ஒட்டினேன். ஒளித்துச் செய்யும் பழக்கம் எனக்கில்லை.

இன்று காலை வரை முழுசாக இருக்கிறது. அது அப்படியே இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நான் தோற்றுப்போவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

படகின் அனுமதிச் சீட்டைப் பற்றிக் கேட்டேன். சோதித்துப் பார்க்க வேண்டிய அதிகாரி ரெகட்டா படகுப் பந்தயம் முடிந்துதான் வருவாராம். அதுவரை பழையதே செல்லுமாம். புயலுக்கு முன்னால் கொடுத்தது.

நாளை எண்ணெய் நிரப்ப ஹில்ஸ்பரோவுக்கு ஓட்டிப் போகிறார்கள். காற்றும் திரும்புமாம். நானும் போகிறேன். சனிக்கிழமை பற்றி நாளை மாலை எழுதுகிறேன். ஒன்று மட்டும் இப்போதே கேட்கிறேன். மற்றவர்கள் எப்படியோ, ஜனேல் வேண்டாம் என்று நீ ஒரு வார்த்தை சொல். அவளுக்கு நீதான் அப்பா. நான் வெறும் அத்தைப்பாட்டி.

ஆக்டேவியா


சனி, விடியும் நேரம்

லின்டன்,

கண்ணாடி உடைந்துவிட்டது.

நேற்று முனையைத் தாண்டும்போது இரண்டே இரண்டு பெரிய அலை. நான் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சத்தம்கூடக் கேட்கவில்லை. முதல் அலையில் இருந்தது, இரண்டாவதில் இரண்டாகக் கிடந்தது. நடுவில் ஒரு நகம் நுழையும் இடைவெளி. அலை இறங்கியதும் மூடிக்கொண்டது.

உன் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். ஒரு கணம் அவருக்குப் புரிந்துவிட்டது என்றே நினைத்தேன். பிறகு சில்லுகளைப் பொறுக்கிக் கடலில் போட்டார்.

"கண்ணாடி ஒடஞ்சுது. அவ்வளவுதான், ஆக்டேவியா. கண்ணாடின்னா ஒடையும்."

"அண்ணே, உள்ள பாருங்க, தண்ணி வந்திருக்கு."

"பம்பு எதுக்கு வச்சிருக்கேன்? மீன் வறுக்கவா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தப் புள்ள நெட்டுல பேரு, படம் எல்லாம் போட்டுட்டான். நான் போகலைன்னா இந்தக் கரையில என் மூஞ்ச எங்க வச்சிக்குவேன், சொல்லு" என்றார். அந்தப் புள்ள என்றது உன்னை.

ஜனேல் பற்றி உன் பதில் வராததால் ஹில்ஸ்பரோவிலிருந்து உன்னைக் கூப்பிட்டேன். இரவுப் பணிக்குப் போகும்போது போனைப் பூட்டி வைத்துவிடுவாய் என்று உன் மனைவி சொன்னாள். அவளிடம் முழுவதும் சொன்னேன். "அவரு வந்ததும் பேசச் சொல்றேன் அத்தை, மாமா பாத்துக்குவாரு" என்றாள். உன் மகளைப் பற்றிப் பேசுகிறோம் என்று அவளுக்குச் சரியாகப் பட்டதா என்று தெரியவில்லை. நான் எப்போதும் போலத் தணிந்த குரலில்தான் பேசினேன். இப்போது யோசித்தால் கத்தியிருக்கலாம்.

விடுதிக்குப் போய் டொராண்டோ அம்மாவையும் பார்த்தேன். பல் மருத்துவராம், நல்ல மாதிரி. அவரும் கணவரும் திருமணமாகி முப்பத்தைந்தாவது ஆண்டு என்று பிள்ளைகளையும் பேரனையும் கூட்டி வந்திருக்கிறார்கள். படகில் கசிவு இருக்கிறது, வேறு நாள் போங்கள் என்று சொன்னேன். அவர் முகம் மாறியது. அதற்குள் சாமான் இறக்க வந்த பொனிஃபேஸ், "இவங்க எங்க கேப்டனோட தங்கச்சிங்க. குளிக்கிற தொட்டியில எறங்கக்கூட லைஃப் ஜாக்கெட் போட்டுக்குவாங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாவும் சிரித்தார், ஆனால் என்னையே பார்த்துக்கொண்டு. கணவர் என் தோளைத் தட்டி, நீங்களும் வாருங்களேன், இடம் இருக்கிறது என்றார்.

போகிறேன்.

இதை உன் அப்பாவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "கடைசியில வர்றியா" என்று மட்டும் கேட்டார். அவருக்குச் சந்தோஷம் என்று நினைக்கிறேன். எல்லாவற்றிலும் எனக்குத் தாங்க முடியாதது அதுதான்.

கைப்பம்பு ஒன்றும் கசிவை அடைக்க ரப்பர்த் துண்டுகளும் என் பையில் இருக்கின்றன. படகில் பெரியவர்களுக்கான மிதவைச் சட்டைகள் போதுமானவை இருக்கின்றன, சின்னது இல்லை. பள்ளி நீச்சல் வகுப்பிலிருந்து ஜனேலுக்கும் அந்தப் பேரனுக்கும் இரண்டு கொண்டுவந்தேன். ஆரஞ்சு நிறம் தனக்குப் பொருந்தாது என்கிறாள் உன் மகள். பொருந்தாவிட்டாலும் கழற்றக் கூடாது என்று ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். வலப்பக்கத்தில் என்னோடு உட்கார்வாள், இடப்பக்கம் போகக் கூடாது. ஏன் என்று கேட்டாள். அந்தப் பக்கம் வெயில் அதிகம் என்றேன்.

காற்று நேற்றைவிடக் கூடியிருக்கிறது. உங்கள் வீட்டுக்குள்ளிருந்தே பாறைமேல் அலை விழுவது கேட்கிறது. உன் அம்மா ரொட்டி சுட்டுக்கொண்டிருக்கிறாள். உன் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கிறார். நீ அனுப்பிய தொப்பியையும் வைத்திருக்கிறார். பார்க்க உன் தாத்தா மாதிரியே இருக்கிறார்.

நீ பணி முடிந்து வந்து இதைப் படிக்கும்போது நாங்கள் கிளம்பியிருப்போம். அப்போதும் அவரைக் கூப்பிடு. பக்கத்துத் தீவைத் தாண்டும் வரை போன் எடுக்கும், அதற்கப்பால் யூனியன் வரை எடுக்காது. விளக்கம் எதுவும் வேண்டாம். அப்பா, திரும்புங்கள், நான் சொல்கிறேன் என்று சொல். பழியைத் தன் மேல் போட்டுக்கொள்ள ஒரு மகன் கிடைத்தால் அவர் திரும்பிவிடுவார். தங்கை சொல்லித் திரும்ப அவரால் முடியாது. அவரைக் குறை சொல்லவில்லை, நானும் அதே வீட்டில் பிறந்தவள்.

இன்னொன்று. மாலையில் உன் அம்மாவைக் கூப்பிட்டால், என் வீட்டு முன்னறைக்குள் இன்று யாரும் போக வேண்டாம் என்று சொல். நேற்று சமைத்தது கொஞ்சம் மேசையில் வைத்து வெள்ளைத் துணி போட்டு மூடியிருக்கிறேன். உப்புப் போடவில்லை. ஏதும் கேட்காதே. நான் வந்து எடுத்து வைக்கிறேன்.

ஜனேல் வாசலில் நின்று கூப்பிடுகிறாள். செருப்பு கிடைத்துவிட்டதாம்.

உன் போன் உன் கையிலேயே இருக்கட்டும், மகனே. உன் பிள்ளையின் குரலை இன்று மாலையே நீ கேட்க வேண்டும்.

அத்தை